வாகீசனின் வலக்கை

புத்தூரில் வாகீசனைக் கெட்டவன் என்று சொல்ல ஒருவரும் முன்வரமாட்டார்கள். குடிவெறி இல்லை, அடிபிடி இல்லை, கோயிலில் அன்னதானம் என்றால் சோற்றுக் கிடாரத்தடியில் முதல் ஆளாக நிற்பான். ஆனால் நல்லவன் என்று சொல்வதற்கும் ஊர் ஒரு கணம் யோசிக்கும். ஆளுக்குக் கொஞ்சம் வேலைக்கள்ளம். மண்வெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு தேத்தண்ணி, அதற்குப் பிறகுதான் வாய்க்கால். "உவன் வெங்காயம் நட்டால் புல்லுக்குத்தான் கொண்டாட்டம்" என்று பக்கத்துத் தோட்டக்காரர் பகிடி விடுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் மனைவி கஜந்தினியோடு எரிந்து விழுவான்.

அந்தப் பகிடி அவனைச் சுட்டதற்குக் காரணம் பிரவீணன். இருவரும் ஒரே வயது, ஒரே வகுப்பு, தோட்டமும் பக்கம் பக்கம். ஒரே கிணற்றுத் தண்ணீர்தான் இருவருக்கும் பாய்ந்தது. ஆனால் பிரவீணனின் தோட்டத் தறையில் வெங்காயம் குடம் குடமாய் விழும், இவனுடையதில் கோலிக்குண்டு அளவில் கிடக்கும். பிரவீணன் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் வாகீசனுக்குக் கோபிக்கவாவது ஒரு சாட்டுக் கிடைத்திருக்கும். கோபிக்க வழியில்லாத நல்லவன் ஒருவனைப் பக்கத்தில் வைத்திருப்பது லேசான காரியமா?

மழை தூறிய ஒரு பின்னேரம், சுன்னாகம் சந்தையில் வெங்காயத்தைக் கொடுத்துவிட்டு இருவரும் ஒரே மோட்டார்சைக்கிளில் திரும்பி வந்தார்கள். பிரவீணன் ஓட்டினான், வாகீசன் பின்னால் இருந்தான். வேலிக்குள் இருந்து மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரவீணன் விழுந்த கையோடு எழும்பி மண்ணைத் தட்டினான். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். வாகீசன் தெருவோர மதகில் வலது தோள் அடிபட விழுந்து கிடந்தான். கழுத்து ஒரு பக்கம், தோள் ஒரு பக்கமாக இழுபட்டதில் கைக்குப் போகும் நரம்புகள் பிடுங்குப்பட்டுப் போயின. எலும்பு ஒன்றும் முறியவில்லை. கை மட்டும் செத்துப் போயிற்று.

கொழும்பில் சத்திர சிகிச்சை செய்த டொக்டர் தமிழர். நேரமெடுத்துச் சொன்னார்.

"தம்பி, முள்ளந்தண்டிலையிருந்து கைக்கு வாற நரம்பு வேரோடை கழண்டிட்டுது. அதைத் திருப்பி நட ஏலாது. அதாலை விலா எலும்புக்கிடையிலை ஓடுற நரம்பிலை இரண்டு மூண்டை எடுத்துக் கை நரம்போடை பொருத்தப் போறம். அது உள்ளுக்குள்ளை வளர்ந்து போய்த் தசையைப் பிடிக்கவேணும். மாதத்துக்கு ஓர் அங்குலம் வளர்ந்தால் பெரிய காரியம். பொறுமை வேணும்."

"பிறகு கை வருமோ டொக்டர்?" என்று கேட்டது வாகீசனல்ல, கட்டில் காலடியில் நின்ற பிரவீணன்.

"முழங்கை மடங்கும் எண்டு நம்பலாம். விரலைப் பற்றி இப்ப வாக்குத் தரமாட்டன். ஒண்டு சொல்லுறன், பயப்படாதேங்கோ. அது மூச்சு விடுறதுக்கெண்டு இருந்த நரம்பு. அதாலை முதல்லை மூச்சை இழுத்தால்தான் கை மடங்கும். இருமினாலும் மடங்கும், விக்கி அழுதாலும் மடங்கும். போகப் போக மூளை பழகிக்கொள்ளும்."

பிரவீணன் விடவில்லை. "உந்த ஸ்டெம் செல் எண்டு போனிலை வருதே, அதாலை முழுக்கச் சரிவராதோ?"

டொக்டர் சிரித்தார். "ஆராய்ச்சி நல்லாத்தான் போகுது. யப்பானிலை முள்ளந்தண்டு அடிபட்ட சிலருக்கு அந்தக் கலத்திலையிருந்து வளர்த்ததைப் போட்டுப் பாத்திருக்கினம். சிலருக்குக் கொஞ்சம் அசைவு வந்திருக்கு. ஆனால் அது இன்னும் சோதனைதான். இப்பவே செய்துதாறம் எண்டு விளம்பரம் போடுறவங்களிட்டை மட்டும் போயிடாதேங்கோ. இவருக்கு இருக்கிற மருந்து இந்த நரம்பும் பயிற்சியும்தான்."

ஊருக்கு வந்த மறுநாளே பிரவீணன் பிள்ளையார் கோயிலில் சூடம் கொளுத்தி நேர்த்தி வைத்தான். வாகீசனின் வலக்கை அவனுடைய வாய்க்குச் சோறு கொண்டுபோகிற அளவுக்கு எழும்பும்வரை தான் தாடி வழிப்பதில்லை, தாலி கட்டுவதில்லை. ஐயர் கூட, "தம்பி, கலியாணத்தை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறீர்?" என்று கேட்டுப் பார்த்தார். இவன் கேட்கவில்லை. பண்டத்தரிப்பில் சுபாஜினி என்ற பிள்ளையைப் பேசி, இரண்டு வீட்டுக்கும் பிடித்து, நாள் வைப்பது மட்டும்தான் பாக்கியாய் இருந்தது. பிரவீணனின் தாய் பத்மாவதி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். ஒரே பிள்ளை, தகப்பனும் இல்லை. ஆனால் கடவுளுக்குச் சொன்ன சொல்லை மாற்றச் சொல்லி எந்தத் தாய்தான் கேட்பாள்?

அத்தோடு வாகீசனின் தோட்டத்தையும் பிரவீணன் எடுத்துக்கொண்டான். விடிய வெள்ளென இரண்டு தறைக்கும் தண்ணீர் மாறுவான், புல்லுப் பிடுங்குவான், மருந்தடிப்பான். வாகீசன் கழுத்தில் மாட்டிய தூக்குப்பட்டியில் கையைப் போட்டுக்கொண்டு வரம்பில் பிளாஸ்டிக் கதிரையில் இருப்பான். அந்த ஆண்டு அவனுடைய தறையில் விளைந்த வெங்காயம்போல அவனுடைய தகப்பன் காலத்திலும் விளைந்ததில்லை. சந்தையில் ஆட்கள் தூக்கிப் பார்த்து, "ஆரின்ரை வெங்காயம் இது?" என்று கேட்டார்கள். "என்ரை" என்றான் வாகீசன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரவும் செய்தது. வெட்கம் கெட்ட நெஞ்சு.

கை முதன்முதலில் அசைந்தது குசினியில். கஜந்தினி கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். காரம் ஏறி இவன் இருமினான். தூக்குப்பட்டிக்குள் செத்த பாம்பாய்க் கிடந்த கை ஒரு துள்ளுத் துள்ளி மார்பில் அடித்தது. இரண்டு பேரும் விறைத்துப்போய் நின்றார்கள். இன்னொரு தரம் இருமினான். இன்னொரு துள்ளு. கஜந்தினி அகப்பையைப் போட்டுவிட்டு, "ஐயோ பிள்ளையாரே" என்று அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சட்டையில் கையைத் துடைத்தாள்.

"பிரவீணன் அண்ணைக்குச் சொல்லிப்போட்டு ஓடி வாறன்."

"நில்லுமப்பா."

"ஏன்?"

"போய் என்னத்தைச் சொல்லப்போறீர்? இருமினால் துள்ளுது எண்டோ? வடிவா வரட்டும், பிறகு சொல்லுவம்."

அதில் ஒரு நியாயம் இருந்ததுதான். அன்றைக்கு அது பொய்யல்ல. கஜந்தினியும் ஓம் என்று சட்டியைக் கிளறப் போனாள்.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் பயிற்சி செய்தான். வேலைக்கள்ளன் என்று பேர் வாங்கியவன் இதில் மட்டும் கள்ளம் செய்யவில்லை. மூச்சை இழுப்பான், கை கொஞ்சம் எழும்பும். விடுவான், விழும். மாரி தொடங்கமுதல் கை வயிற்றைத் தாண்டியது. பிறகு நெஞ்சு. ஒரு நாள் விரல்நுனி உதட்டில் முட்டியது. விரல்கள் மடங்கவில்லை, மரக்கட்டைபோலத்தான் இருந்தன. ஆனால் வாய்க்கு வந்துவிட்டது. நேர்த்தி அதுதான். அன்றைக்கு எழும்பிப் போய்ப் பக்கத்து வளவுக்குள் நின்று, "டேய் பிரவீணா, தாடியை வழியடா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அவன் போகவில்லை. வெங்காயம் கிண்டி முடியட்டும் என்று நினைத்தான். கிண்டி முடிந்தது. புகையிலைக் கன்று நட்டு முடியட்டும் என்று நினைத்தான். அதுவும் முடிந்தது. விரல் பிடிக்காத கையால் மண்வெட்டி தூக்க ஏலாதே, அப்ப கை வந்தென்ன வராமலென்ன என்றும் தனக்குத்தானே நியாயம் பேசினான். ஆனால் அதற்கெல்லாம் அடியில் கிடந்த சங்கதி வேறு. விடியப்புறம் போர்வைக்குள் கிடந்துகொண்டு, பக்கத்தில் வோட்டர் பம்ப் இரைவதையும் பிரவீணன் தன்னுடைய வாய்க்காலுக்குத் தண்ணீர் மாறுவதையும் கேட்கும்போது அவனுக்கு ஒரு சுகம் வந்தது. வாழ்நாள் முழுக்கத் தன்னை முந்திப் போனவன் இப்போது தனக்காக வேலை செய்கிறான். 'அவன்தானே விழுத்தினவன். ஒரு கீறலோடை எழும்பினவன்தானே. செய்யட்டும்.' இப்படி நினைத்துவிட்டுத் திரும்பிப் படுப்பான். நினைத்ததற்கு வெட்கப்பட்டும் இருக்கிறான், படுக்கையை விட்டு எழும்பாமலே.

யாழ்ப்பாணத்தில் கிளினிக்குக்குத் தனியேதான் போனான். "நீ தோட்டத்தைப் பாரடா, நான் பஸ்ஸிலை போய் வாறன்." அங்கே டொக்டர் கையை மடக்கச் சொல்லிப் பார்த்து, படிக்க வந்த பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்கோ, விலா நரம்பாலை முழங்கை மடங்குது. இவரைப்போல ஒழுங்காப் பயிற்சி செய்யிறவை குறைவு." பிள்ளைகள் கை தட்டினார்கள். வாகீசனுக்குப் பெருமையில் காது சிவந்தது. திரும்பி வரும்போது பஸ் நீர்வேலி தாண்டியதும் பையைத் திறந்து தூக்குப்பட்டியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

கஜந்தினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கேட்டே விட்டாள். "இன்னும் என்ன வடிவா வரவேணும் உங்களுக்கு? அந்தப் பெடியனைப் பாக்க உங்களுக்குப் பாவமா இல்லையோ?"

"உமக்கு ஒண்டும் விளங்காது. வாயைப் பொத்திக்கொண்டு இரும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அன்றிலிருந்து அவனுக்குச் சோற்றைக் குழைத்துக் கொடுப்பதை விட்டுவிட்டாள். கோப்பையை முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

பிரவீணனோ ஒவ்வொரு நாளும் போனில் ஏதாவது ஒரு செய்தியோடு வருவான். "இஞ்சை பாரடா, எலிக்கு நரம்பு திருப்பி முளைச்சிருக்காம். இன்னும் கொஞ்ச வரியத்திலை உன்ரை விரலும் வருமடா." தாடி நெஞ்சு வரைக்கும் வந்திருந்தது. சந்தையில் பெடியள் அவனைச் சாமியார் என்று கூப்பிட்டார்கள். வாகீசனுக்கு அந்தச் செய்திகள் நல்ல மறைப்பாகிப் போயின. "ஓமடா, ஸ்டெம் செல் வந்தால்தான் எனக்கு ஏதும் சரிவரும். உந்த ஒப்பரேசனாலை ஒண்டும் நடக்கேல்லை" என்றான். உலகத்தில் எத்தனையோ பேர் இரவு பகலாய்க் கண் விழித்துத் தேடுகிற ஒன்றை இவன் தன்னுடைய பொய்யைப் போர்த்த எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமைகளில் பத்மாவதி வருவாள். வாகீசன் அவளை மாமி என்றுதான் கூப்பிடுவான். நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து, தோளிலிருந்து விரல்நுனி வரைக்கும் உருவி விடுவாள். அப்போது வாகீசன் மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பான். கொஞ்சம் ஆழமாய் இழுத்தால் கை அவள் கைக்குள்ளேயே மடங்கிவிடும். நுனி மூச்சாக இழுத்து இழுத்து விடுவான். நெற்றி வேர்க்கும்.

ஒரு நாள் உருவிக்கொண்டே அவள் கையோடு கதைத்தாள். "எட கையே, நான் உனக்கு என்ன குறை வைச்சனான்? பண்டத்தரிப்பாக்கள் தைக்கு முதல் ஒரு முடிவு சொல்லச் சொல்லிப்போட்டினம். என்ரை பிள்ளைக்காக ஒருக்கா எழும்பன் பாப்பம்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். பிறகு வாகீசனின் முகத்தைப் பார்த்தாள். "என்னடா மோனை, மூச்சை அடக்கிறாய்? நோகுதோ?"

"ஓம் மாமி. கொஞ்சம்."

"ஐயோ, என்ரை பிள்ளை" என்று அவள் இன்னும் மெதுவாக உருவினாள்.

அவள் போன பிறகு அவன் குளிக்கப் போனான். எண்ணெய் போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தான், தோல் எரிய எரியத் தேய்த்தான். பொங்கலுக்குச் சொல்லிவிடுவது என்று அந்தக் கிணற்றடியில் நின்று முடிவெடுத்தான். பொங்கலன்று புது வேட்டி கட்டிக்கொண்டு, பிரவீணனின் முற்றத்தில் வைத்துக் கையைத் தூக்கிக் காட்டுவது. எல்லாரும் சந்தோசப்படுவார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

பொங்கலுக்கு முதல் கிழமையே பண்டத்தரிப்பிலிருந்து ஆள் வந்தது. சுபாஜினிக்கு வேறு இடத்தில் பேசி முற்றாக்கியாயிற்றாம். குறை நினைக்க வேண்டாமாம். பிரவீணன் அன்றைக்கும் வழமைபோல இரண்டு தறைக்கும் தண்ணீர் மாறினான். தூரத்தில் கதிரையில் இருந்த வாகீசனைப் பார்த்து, வழமைபோலக் கையைத் தூக்கிக் காட்டினான்.

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் முதல் கேள்வி, 'எப்ப தொடக்கம்?' என்பதாகத்தான் இருக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து வாகீசன் ஊமையானான். முன்பு சோம்பலுக்கு மறைத்தான், இப்போது பயத்துக்கு மறைத்தான். தூக்குப்பட்டியின் தடம் கழுத்தில் கறுப்பாக விழுந்துவிட்டது. பிரவீணன் வரும் சத்தம் கேட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டான். அன்னதானக் கிடாரத்தடியில் அவனைத் தேடியவர்களுக்குக் கஜந்தினிதான் ஏதேதோ சாட்டுச் சொன்னாள்.

புரட்டாதியில் ஒரு காலை, கிணற்றடிக்குப் போன பத்மாவதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் எழும்பவில்லை. அம்புலன்ஸ் வருமுன்னரே எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் செத்தவீடு. முற்றத்தில் பந்தல், அதற்குள் மாமி நெற்றி நிறைய விபூதியோடு கிடந்தாள். தெருவில் பறை முழங்கியது. வாகீசன் பந்தலின் கடைசிக் கதிரையில் தூக்குப்பட்டியோடு இருந்தான். அவனுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்துவிடுமோ என்ற பயம்தான் இருந்தது. அழுதால் கை காட்டிக் கொடுத்துவிடுமே. தாய்போல உருவிவிட்டவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்விடவும் வழியில்லாமல் தன்னைத் தானே கட்டிப்போட்டவனை என்னவென்று சொல்வது?

குருக்கள் வந்தார். கிரியை தொடங்கமுதல், கொள்ளி வைக்கிறவர் முகம் வழித்துத் தோய்ந்து வரவேண்டும். சலூன்காரர் கிணற்றடியில் கதிரை போட்டுக் காத்து நின்றார். பத்மாவதியின் தமையன் சீவரத்தினம் வந்து பிரவீணனின் தோளில் கை வைத்தார்.

"வா தம்பி. நேரம் போகுது."

"மாமா, நான் வழிக்கமாட்டன்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? கொள்ளி வைக்கிற பிள்ளை தாடியோடையோ?"

"நேர்த்தி முடியேல்லை மாமா. இப்ப எடுத்தால் அவன்ரை கை ஒரு நாளும் வராது."

பந்தலுக்குள் கசமுசவென்று கதை எழும்பியது. தாயைவிட நேர்த்தி பெரிதோ என்றார்கள் சிலர். தெய்வகுற்றம் என்றார்கள் சிலர். சீவரத்தினம் குருக்களைப் பார்த்தார். குருக்கள் சங்கடத்தோடு சொன்னார்: "இவர் விரும்பாட்டால் மருமகன் முறையானவர் ஒருத்தர் வைக்கலாம். பிள்ளை இருக்கேக்கை அப்பிடிச் செய்யிறது மனதுக்குக் கஷ்டம்தான்."

பிரவீணன் தாயைப் பார்த்தான். பிறகு சீவரத்தினத்தின் மகனைத் திரும்பிப் பார்த்து, "கிருஷாந், நீ வழிச்சுப்போட்டு வா. நீ வையடா" என்றான்.

பெண்களுக்குள் இருந்து கஜந்தினி வாகீசனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிருஷாந் சேட்டைக் கழற்றிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தான்.

வாகீசன் எழும்பினான். உண்மையைச் சொல்லத்தான் எழும்பினான் என்று சொன்னால் அது அவனுக்குச் செய்கிற அநியாயமான உபகாரம். அவன் எழும்பியது வேறு எண்ணத்தோடு. நடந்துபோகிற அந்தச் சிறிய தூரத்தில் அவனுக்கு வழியொன்று தெரிந்தது. இன்றைக்கு, இப்போது, முதன்முதலாக எழும்பின மாதிரி எழும்பட்டும். பிரவீணன் கொள்ளி வைப்பான், நேர்த்தி முடியும், தானும் தப்பலாம்.

பிணத்தின் தலைமாட்டில் போய் நின்றான். "மாமீ..." என்று சத்தமாகக் கூப்பிட்டான். கண்ணீர் வரவில்லை, குரலைத்தான் அழுகைபோல் ஆக்கினான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். கை தூக்குப்பட்டியைவிட்டு வெளியே வந்து, நடுங்கி நடுங்கி எழும்பி, வாயில் வந்து முட்டியது.

பறையடித்தவர்களும் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பிறகு பந்தலே அலறியது. "ஐயோ, கை எழும்பீட்டுது!" "பத்மா போற போக்கிலை குடுத்திட்டுப் போறா!" "தெய்வமடி அவ!" கிழவிகள் தலைக்கு மேலே கை கூப்பினார்கள். பிரவீணன் ஓடிவந்து அவனைக் கட்டிப் பிடித்தான். கட்டிப் பிடித்து விக்கி விக்கி அழுதான். அப்போதுதான் வாகீசனுக்கும் உண்மையான அழுகை வந்தது. ஒவ்வொரு விக்கலுக்கும் கை இருவருக்கும் நடுவில் துடித்தது. "பாருங்கோ, துடிக்குது, துடிக்குது" என்று பிரவீணன் அழுகைக்குள் சிரித்தான்.

கிருஷாந் திரும்பி வந்து சேட்டைப் போட்டுக்கொண்டான். பிரவீணன் கிணற்றடிக்குப் போனான்.

அவன் வழித்துத் தோய்ந்து ஈரவேட்டியோடு வந்தபோது வாகீசனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாடிக்குக் கீழே இத்தனை நாளும் வெயில் படாத தோல் வெளிறிக் கிடந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பிரவீணன் குனிந்து தாயின் காதடியில் சொன்னான். எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, நான்தானேயணை அவன்ரை கையைக் கெடுத்தனான். நீ திருப்பிக் குடுத்திட்டாய். இனி நிம்மதியாப் போய் வாணை."

அதற்கு மேல் வாகீசனால் தாங்க முடியவில்லை.

"பிரவீணா."

பிரவீணன் நிமிர்ந்தான்.

"இண்டைக்கில்லையடா."

"என்ன?"

"கை இண்டைக்கு எழும்பேல்லை. முந்தியே எழும்பீட்டுது. நான்தான் ஒளிச்சனான்."

சீவரத்தினம், "உவன் என்ன சொல்லுறான்?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். வாகீசன் கையை இன்னொரு தரம் மடக்கிக் காட்டினான். இந்தத் தடவை நடுக்கமில்லாமல், லேசாக, பழகின கை எழும்புகிற மாதிரி எழும்பியது. அதைப் பார்த்த பிறகு ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கைகூப்பி நின்ற கிழவிகள் கையைக் கீழே விட்டார்கள்.

பிரவீணன் கிட்ட வந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் வாகீசன் நினைத்தான். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான்.

"பண்டத்தரிப்பாக்கள் வந்து சொல்லிப்போட்டுப் போகேக்கையும் எழும்பினதோ?"

"ஓம்."

"அம்மா எண்ணெய் போடேக்கை?"

வாகீசன் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்" என்றான்.

பிரவீணன் வழித்த கன்னத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தான்.

"எனக்குச் சொல்லாட்டிப் பறவாயில்லையடா. அவவின்ரை காதுக்குள்ளை மட்டுமெண்டாலும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம். உன்ரை கை வரவேணுமெண்டு என்னைவிட மேலாலை நிண்டவ அவ."

சொல்லிவிட்டுத் திரும்பினான். குருக்கள் மந்திரத்தைத் தொடங்கினார். பறை மறுபடி முழங்கியது. நேரம் வந்ததும் ஆண்கள் பாடையைத் தூக்கினார்கள். பிரவீணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். வாகீசனை வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவன் தெருப் படலையடி வரைக்கும் போய் அங்கேயே நின்றான். ஊர்வலம் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

ஆண்கள் எல்லாரும் போன முற்றத்தில் பெண்களும் அவனும்தான். பிணம் போன வீட்டைக் கழுவுகிற வேலை தொடங்கியது. விளக்குமாறுகள் சரசரத்தன. அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தி அவன் இருந்த கதிரையை எடுத்துக்கொண்டுபோய் வேலியோரம் கவிழ்த்து வைத்தாள்.

கஜந்தினி கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் அழுது வீங்கியிருந்தது. அவன் பக்கத்தில் போய் நின்றான். அவள் நிறைந்த வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"நானும் சொல்லாமல் இருந்தனான்" என்றாள், அவனைப் பார்க்காமல். "இதைக் கொண்டுபோய் ஊத்துங்கோ."

அவன் இடக்கையை நீட்டினான்.

"அந்தக் கையாலை இல்லை."

அவன் தூக்குப்பட்டியைக் கழற்றிக் கிணற்றுக் கட்டில் போட்டான். வாளியின் பிடியை வலக்கை முழங்கை மடிப்பில் கொழுவினான். மூச்சை இழுத்து மடக்கினான். வாளி எழும்பியது. பாரத்தில் விலாவுக்குள் எங்கோ நொந்தது. பெண்கள் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் எல்லாருக்கும் நடுவால் அந்தக் கையை மடக்கிப் பிடித்தபடி நடந்துபோய், மாமி கிடந்த இடத்தில் தண்ணீரை ஊற்றினான். ஊற்றிவிட்டு அடுத்த வாளிக்குக் கிணற்றடிக்குத் திரும்பிப் போனான்.